எக்ஸ்ப்ளோரட்டோரியத்துக்குக் குடும்பத்தோடு போவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு லீவு, சனிக்கிழமை எங்கே கூட்டிப்போவது? பே ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வருகிற கேள்வி இது. கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்தாகிவிட்டது, கோயிலுக்கும் போயாகிவிட்டது. அப்படி ஒரு சனிக்கிழமைதான் நாங்கள் முதன்முதலாக சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

அங்கே 600க்கும் மேற்பட்ட பரிசோதனை மேசைகளும் கருவிகளும் இருக்கின்றன என்று படித்திருந்தேன். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பலகையைப் படித்து, தத்துவத்தை விளக்கி, "சரி, அடுத்தது" என்றேன். இரண்டு மணி நேரத்தில் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு, "என்ன பிடிச்சுது?" என்று கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். நான் ஒரு போன் பேச வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில் பாட்டியோடு நிழல் சுவரில் விளையாடியது.

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறோம். அங்கே கற்றுக்கொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

இந்த இடத்தை 1969இல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர்தான். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்ற காரணத்தால் 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். அதன் பிறகு பல வருடங்கள் கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்தார். 1950களின் கடைசியில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மட்டும் பாடம் எடுக்காமல், பழைய இயந்திரங்களின் உதிரிபாகங்களைக் கொடுத்து மாணவர்களைக் கழற்றிப் பார்க்க வைத்தார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தாங்களே செய்து பார்க்கக்கூடிய பரிசோதனைகளின் 'நூலகம்' ஒன்றை அமைத்தார். 1965இல் கிடைத்த உதவித்தொகையில் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு வந்தார். இவை எல்லாம் சேர்ந்துதான் எக்ஸ்ப்ளோரட்டோரியம். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்கு 'அருங்காட்சியகம்' என்றாலே கண்ணாடிப் பெட்டி, 'தொடாதே' என்ற பலகை, வரிசையாகப் போகும் பாதை. இங்கே அது எதுவும் கிடையாது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கும் இல்லை. கதவைத் திறந்தால் ஒரு பெரிய பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கருவிகளைச் செய்கிற பட்டறையே உள்ளே, எல்லோரும் பார்க்கும்படி, தச்சு வேலையும் உலோக வேலையுமாக நடந்துகொண்டிருக்கும். பிள்ளைகளை அங்கே சிறிது நேரம் நிற்க விடுங்கள்.

முதலில் இது பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற 1915ஆம் வருடத்துக் கட்டடத்தில் இருந்தது. 2013 ஏப்ரலில் கடலோரத்தில், எம்பார்கடேரோ சாலையில் இருக்கும் பியர் 15 என்ற கப்பல் துறைக்கு மாறியது. பழைய விலாசத்தை நினைவில் வைத்திருக்கும் நண்பர்கள் இன்னும் உண்டு. வழி கேட்கும்போது கவனம்.

நாள், நேரம், பயணம்

பள்ளி நாட்களின் காலையில் மஞ்சள் பஸ்களில் பள்ளிக் குழுக்கள் வந்து இறங்கும். மழை பெய்கிற சனி ஞாயிறுகளில் நகரமே உள்ளே இருக்கும். வார நாளில் லீவு போட முடிந்தால் மதியம் ஒன்றரைக்கு மேல் போங்கள். வார இறுதி என்றால் திறக்கிற நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள், முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. வியாழக்கிழமை மாலை நடக்கும் 'ஆஃப்டர் டார்க்' 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பிள்ளைகளோடு போய்த் திரும்பி வராதீர்கள். மூடும் நாளும் கட்டணமும் மாறும் என்பதால் கிளம்பும் முன் இணையத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் இரண்டு யோசனைகள். பே ஏரியாவின் பொது நூலகங்கள் பல, உறுப்பினர்களுக்கு அருங்காட்சியக பாஸ் தருகின்றன. உங்கள் ஊர் நூலகத்தின் பட்டியலில் எவையெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம், வருடத்தில் மூன்று தடவை போவீர்கள் என்று தோன்றினால் குடும்ப உறுப்பினர் அட்டை வாங்குங்கள். பணம் மிச்சமாவதற்காக மட்டும் சொல்லவில்லை. அட்டை கையில் இருந்தால், 'கொடுத்த காசுக்கு எல்லாம் பார்க்க வேண்டும்' என்ற பதைப்பு போய்விடும். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். அதுதான் சின்னக் குழந்தைகளுக்கு உகந்த அளவு.

காரில் போனால் பார்க்கிங் செலவு கையைக் கடிக்கும். பார்ட் ரயிலில் எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்கி, ஃபெர்ரி பில்டிங்கைத் தாண்டிக் கடலோரமாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அதே சாலையில் ஓடும் எஃப் லைன் பழைய டிராமில் ஏறிக்கொள்ளலாம். டிராம் பயணமே பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம்.

ஆளுக்கு ஒரு ஜாக்கெட், ஜூலை மாதமாக இருந்தாலும். குளிர்காற்று கடலிலிருந்து நேராக வரும். தண்ணீர் விளையாட்டுகள் உண்டு, ஆகவே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாற்றுச் சட்டை ஒன்று. எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போனால் வெளியே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடலாம்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை

அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். கருவிகள் எப்போதும் அங்கேதான் இருக்கும். ஆனால் மாட்டுக்கண் அறுத்துக் காட்டுவது போன்ற நேரடி நிகழ்ச்சிகளுக்கு நேரம் உண்டு. அவற்றில் ஒன்றை, அதிகம் போனால் இரண்டைத் தேர்ந்தெடுத்து, போனில் அலாரம் வைத்துவிடுங்கள். மீதி நேரத்துக்குத் திட்டம் வேண்டாம்.

அடுத்து, ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட இளைஞர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். இவர்களுக்கு 'எக்ஸ்ப்ளெய்னர்' என்று பெயர். பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். இந்த ஏற்பாடு ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. விஞ்ஞானிகளை நிறுத்தாமல் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தியது, என் பார்வையில், ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எடுத்த மிகச் சிறந்த முடிவு. தனக்கே போன மாதம் புரிந்த ஒன்றைப் பதினாறு வயதுப் பெண் ஏழு வயதுச் சிறுவனுக்குச் சொல்லும்போது அதில் ஒரு சூடு இருக்கும். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அவர்களோடு பேசச் சொல்லுங்கள். இது சம்பளம் உள்ள வேலை, விண்ணப்பித்துச் சேரலாம்.

எங்கே எவ்வளவு நேரம்

உள்ளே ஆறு பகுதிகள். மனித நடத்தையும் மனமும், டிங்கரிங், பார்வையும் பிரதிபலிப்பும், உயிரினங்கள், வெளிப்புறம், மேல்தளத்தில் வளைகுடாவைப் பார்க்கும் கண்ணாடி அறை. ஆறையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு 'பார்வையும் பிரதிபலிப்பும்' என்பேன், ஏனென்றால் அங்கே மூன்று வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே மேசையில் ஒரே அளவு வியப்பார்கள்.

வண்ண நிழல்களிலிருந்து ஆரம்பியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் ஒரு வெள்ளைச் சுவர் மேல் விழுகின்றன. மூன்றும் சேர்வதால் சுவர் வெள்ளையாகத் தெரியும். நடுவில் கையை நீட்டினால் நிழல் கறுப்பாக விழாது. மஞ்சள், இளநீலம், கருஞ்சிவப்பு கலந்த ஊதா என்று வெவ்வேறு நிற நிழல்கள் விழும். இங்கேதான் நம் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். "ஏன் தெரியுமா?" என்று உடனே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோய்விடும். "எத்தனை நிறம் தெரியுது?", "ஒரு விரலை மட்டும் காட்டினா?", "சுவர்கிட்ட போனா என்ன ஆகுது, தள்ளி வந்தா என்ன ஆகுது?" என்று கேளுங்கள். செய்து பார்த்தால் பதில் தெரிந்துவிடுகிற கேள்விகள் மட்டும். பிள்ளை அலைந்து பார்த்து, "ஒவ்வொரு லைட்டும் ஒவ்வொரு நிழல் போடுது!" என்று தானே சொல்லும் நிமிடம் வரும். வராமலும் போகலாம், பரவாயில்லை.

பெரியவர்கள் தெரிந்துகொள்ள: நீல விளக்கைக் கை மறைக்கும் இடத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் விழும், ஒளியில் அவை சேர்ந்தால் மஞ்சள். சிவப்பு மறைந்த இடத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்து இளநீலம். பச்சை மறைந்த இடத்தில் மெஜந்தா. மூன்றுமே மறைந்தால்தான் நாம் வழக்கமாகப் பார்க்கும் கறுப்பு நிழல். டிவி திரையும் போன் திரையும் இந்த மூன்று நிறங்களை வைத்தே எல்லா நிறங்களையும் காட்டுகின்றன.

நிழல் சுவர் இதற்குத் தம்பி மாதிரி. இருட்டறையில் ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு சிறிது நேரம் மினுங்கும் சுவர். பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் அடிக்கும்போது அதன் முன்னால் குதித்தால், நாம் விலகிப்போன பிறகும் நிழல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் உடம்பு மறைத்த இடத்துக்கு ஒளி போய்ச் சேரவில்லை, அதனால் அந்த இடம் மினுங்கவில்லை. இவ்வளவுதான். என் மாமியார் முதலில் ஓரமாக நின்றார். பிறகு புடவை முந்தானையை விரித்து நின்று, தன் நிழலைப் பார்த்துச் சிரித்தார். பேத்திக்குத் தமிழ் குறைவு, பாட்டிக்கு ஆங்கிலம் கிடையாது. அந்த இருட்டறையில் அரை மணி நேரம் இரண்டு பேருக்கும் எந்த மொழியும் தேவைப்படவில்லை.

பெரிய குழியாடியை விடாதீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய, உள்நோக்கி வளைந்த கண்ணாடி. தூரத்திலிருந்து வரும்போது தலைகீழாகத் தெரிவீர்கள். நெருங்க நெருங்க உருவம் பெரிதாகும், ஓர் இடத்தில் உங்கள் கையே காற்றில் நீட்டி உங்களோடு கைகுலுக்க வருவது போல இருக்கும். அதையும் தாண்டிப் போனால் நேராக, பெரிதாகத் தெரிவீர்கள். வீட்டுக்கு வந்து சாம்பார் கரண்டியின் உள்பக்கத்தில் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கண்ணாடிதான், சின்ன அளவில்.

சுழலும் மேடை ஒன்று உண்டு. அதில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்தால் மெதுவாகவும், உள்ளே இழுத்தால் வேகமாகவும் சுற்றும். பரதநாட்டியமோ ஸ்கேட்டிங்கோ படிக்கும் பிள்ளைகளுக்குச் சுழலும்போது கையை உடம்போடு சேர்க்கச் சொல்வதன் காரணம் இதில் உடம்புக்கே புரிந்துவிடும்.

அப்புறம் ஊசல் மேசை. தொங்கவிட்ட பலகை ஆடும்போது அதன் மேல் பேனா கோடு வரையும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடும் தூரம் கொஞ்சம் குறைவதால் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே வரும். அம்மா அதைப் பார்த்ததும், "இது சிக்குக் கோலம் மாதிரி இருக்கே, புள்ளி மட்டுந்தான் இல்ல" என்றார். மகள் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். பாட்டியிடம் கோலம் கேட்டு அவள் உட்கார்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

இன்னொன்று, உபயோகிக்காத புத்தம் புதிய கழிப்பறைக் கோப்பையில் பொருத்திய குடிநீர்க் குழாய். தண்ணீர் சுத்தமானது, கோப்பையும் சுத்தமானது. அறிவு 'குடி' என்கிறது, மனம் 'மாட்டேன்' என்கிறது. எச்சில், தீட்டு, அசுத்தம் பற்றியெல்லாம் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்தக் குழாய் முன்னால் நின்று பேசினால் மூன்று தலைமுறைக்கும் பேச விஷயம் இருக்கும். யாரையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தயங்குவதைக் கவனிப்பதே அந்தப் பரிசோதனை.

மாட்டுக்கண் நிகழ்ச்சி: சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் பற்றி என்னிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாடுகளின் கண்களை எக்ஸ்ப்ளெய்னர்கள் எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டுவார்கள். சிலருக்கு இது ஒவ்வாது, மாடு என்பதாலோ அறுப்பதைப் பார்ப்பதாலோ. அப்படியென்றால் அந்த நேரத்தில் உயிரினங்கள் பகுதிக்குப் போங்கள். அங்கே நுண்ணோக்கி வழியாகக் கடல்நீரின் நுண்ணுயிர்களையும், வளர்ந்துகொண்டிருக்கும் மீன் கருவையும் உயிரோடு பார்க்கலாம். ஒளி ஊடுருவும் அந்தக் கருவுக்குள் குட்டி இதயம் துடிப்பதைப் பார்த்து என் மகன் பேச்சே இல்லாமல் நின்றான்.

பார்க்கலாம் என்று முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள்.

முந்தின நாளே பிள்ளையிடம் என்ன நடக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், பிள்ளையை முன்வரிசையில் விட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், வேண்டாம் என்றால் உடனே வெளியே வரலாம். கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது லென்ஸ். பளிங்குக் குண்டு மாதிரி வெளியே வரும், அச்சடித்த எழுத்தின் மேல் வைத்துக் காட்டினால் எழுத்து பெரிதாகத் தெரியும். இரண்டாவது விழித்திரை. ஈரமான மெல்லிய தோல் மாதிரி இருக்கும், பார்வை நரம்பு கிளம்பும் ஒரே ஒரு புள்ளியில்தான் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நம் எல்லோருடைய கண்ணிலும் இருக்கும் குருட்டுப் புள்ளி அதுதான். மூன்றாவது, விழித்திரைக்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக மயில் கழுத்துப் போல மின்னும் படலம். விழித்திரை தவறவிட்ட ஒளியை இது திருப்பி அனுப்புகிறது, இருட்டில் மாடு நன்றாகப் பார்ப்பதற்கு அது உதவி. இரவில் கிராமத்துச் சாலையில் கார் வெளிச்சத்தில் மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் பளபளப்பது இதனால்தான். மனிதக் கண்ணில் இந்தப் படலம் கிடையாது. அப்பா இதைக் கேட்டதும், சின்ன வயதில் தோட்டத்துக்கு லாந்தர் எடுத்துக்கொண்டு போன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டிங்கரிங் ஸ்டுடியோ

நம் ஊரில் டிங்கரிங் என்றால் காரில் விழுந்த ஒடுக்கை எடுப்பது. இங்கே அந்த வார்த்தைக்கு, கையில் கிடைத்ததை வைத்து நோண்டி, கழற்றி, மாட்டி, ஏதோ ஒன்றைச் செய்து பார்ப்பது என்று பொருள். இரண்டும் அவ்வளவு தூரமில்லை. இரண்டிலும் கைதான் முதலில் யோசிக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். கோலிக்குண்டு உருண்டு வரும் பாதையைச் சுவரில் கட்டுவது, பொம்மைகளை நகர்த்திப் படம் பிடித்து அசையும் படமாக்குவது, மோட்டார் வைத்த கிறுக்கல் இயந்திரம், ஒன்று விழுந்து இன்னொன்றைத் தட்டிவிடும் சங்கிலி அமைப்பு என்று ஏதாவது ஒன்று.

இந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் முதல் இருபது நிமிடம் எதுவும் சரியாக வராது. பிள்ளை கட்டிய பாதையில் குண்டு திரும்பத் திரும்பக் கீழே விழும். பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குக் கை துறுதுறுக்கும், "இங்கே கொடு" என்று வாங்கிச் சரிசெய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். இன்ஜினியர் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் இதைக் கைகூப்பிச் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒன்று கட்ட ஆரம்பியுங்கள். உங்களுடையதும் விழும், அதைப் பிள்ளை பார்க்கும். அதைவிட நல்ல உதவி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே கடலோரத்தில்

உள்ளே இரைச்சல் அதிகம். காது வலிக்கிற பிள்ளைகளும், களைத்துப்போன பெரியவர்களும் இருந்தால் வெளியே வாருங்கள். பியர் 15க்கும் 17க்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதில் எழும் செயற்கை மூடுபனியை வடிவமைத்தவர் ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா. குறிப்பிட்ட நேரங்களில் நூற்றுக்கணக்கான நுண்துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, பாலம் முழுவதையும் மூடுபனி மூடிவிடும். பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. வெறும் தண்ணீர்தான், சட்டை லேசாக ஈரமாகும். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மேல்தளத்துக் கண்ணாடி அறைக்கு லிஃப்ட் உண்டு. கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு தாத்தா பாட்டி நிம்மதியாக உட்காரலாம். இந்தக் கட்டடத்தைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் கீழே இருக்கும் வளைகுடாத் தண்ணீரைப் பயன்படுத்தித்தான். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். ஆர்வமுள்ள பெரியவர்கள் எக்ஸ்ப்ளெய்னரிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

டாக்டைல் டோம் என்று ஒன்று தனிக் கட்டணத்தில் இருக்கிறது. 1971இலிருந்து நடக்கிறது. கும்மிருட்டில், கையால் தடவித் தடவி, தவழ்ந்தும் சறுக்கியும் போக வேண்டிய பாதை. மூட்டுவலி இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இருட்டைக் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்கும் ஏற்றதல்ல. பதின்ம வயதுப் பிள்ளை, "எனக்கு இதெல்லாம் போர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தால், அவர்களுக்கு இதுதான். முன்பதிவு செய்துவிடுங்கள்.

காசு இல்லாமல் பார்க்க ஒன்று: சான் பிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியில் கடலுக்குள் நீளும் கல்பாதையின் முனையில் இருக்கும் அலை ஆர்கன். எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் கலைஞர் பீட்டர் ரிச்சர்ட்ஸ், கல் வேலை செய்யும் ஜார்ஜ் கொன்சாலஸோடு சேர்ந்து 1986இல் கட்டியது. குழாய்களுக்குள் அலை ஏறி இறங்கும்போது முணுமுணுப்பாக ஓசை வரும். கடல் ஏற்றத்தின்போது போனால்தான் நன்றாகக் கேட்கும்.

வீட்டில் தொடர்வது: கிறுக்கல் இயந்திரம்

திரும்பி வந்த வாரத்துக்குள் வீட்டில் ஒன்றாவது செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரட்டோரியமே தன் பரிசோதனைகள் பலவற்றை, வீட்டுப் பொருள்களை வைத்துச் செய்யும்படி 'சயின்ஸ் ஸ்னாக்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது கிறுக்கல் இயந்திரம்தான்.

வேண்டியவை: உடைந்த பொம்மையிலிருந்து எடுத்த சின்ன மோட்டார், டபுள் ஏ பேட்டரி ஒன்று, காகித டம்ளர், ஸ்கெட்ச் பேனா மூன்று, ஒட்டும் டேப், ஒரு துண்டு ரப்பர், பெரிய தாள்.

1. டம்ளரைக் கவிழ்த்து, மூன்று ஸ்கெட்ச் பேனாக்களையும் கால்கள் போலச் சம இடைவெளியில் டேப் போட்டு ஒட்டுங்கள். முனை கீழே, மூடி இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்.

2. மோட்டாரின் அச்சில் ரப்பர் துண்டைக் குத்துங்கள். நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்த வேண்டும். விஷயமே இதில்தான் இருக்கிறது. எடை ஒரு பக்கமாக இருப்பதால் மோட்டார் சுற்றும்போது எல்லாமே நடுங்கும். உங்கள் போன் 'வைப்ரேட்' ஆவதும் உள்ளே இப்படி ஏதோ ஒன்று ஆடுவதால்தான்.

3. மோட்டாரை டம்ளரின் தலையில், ரப்பர் எதிலும் இடிக்காதபடி ஒட்டுங்கள். பக்கத்தில் பேட்டரியை ஒட்டுங்கள்.

4. மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு முனையை எளிதாகக் கழற்றும்படி விடுங்கள், அதுவே சுவிட்ச். விளையாடி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டால் பேட்டரி சூடாகும், அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. பேனா மூடிகளைக் கழற்றித் தாளில் வைத்து இணைப்புக் கொடுங்கள்.

ஆடிக்கொண்டே வட்டமும் சுருளுமாக வரையும். இங்கிருந்து பிள்ளை தானாக ஓடும். ஒரு காலை நீளமாக்கினால்? ரப்பரைப் பெரிதாக்கினால்? பேட்டரியைத் திருப்பி வைத்தால்? ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், எதனால் கோலம் மாறியது என்று தெரியும். நாங்கள் அந்தத் தாள்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம்.

மார்ச் 14

வருடத்தில் ஒரு நாள்தான் போக முடியும் என்பவர்களுக்கு நான் சொல்லும் நாள் இது. வட்டத்தின் சுற்றளவை அதன் குறுக்களவால் வகுத்தால் வரும் எண்தான் பை (π). அதன் பெயரில் உலகம் முழுக்க இன்று கொண்டாடும் பை தினம் இங்கேதான் பிறந்தது. 1988 மார்ச் 14 அன்று, எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஷா தொடங்கி வைத்தது. அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் எழுதினால் அந்தத் தேதி 3/14, பையின் முதல் மூன்று இலக்கங்கள். நம் ஊர் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால் இது வராது, அதைத் தாத்தாவுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். ஐன்ஸ்டைன் பிறந்ததும் அதே தேதிதான். ஆங்கிலத்தில் பழம் வைத்துச் சுடும் 'பை'யும் உச்சரிப்பில் அதுவே என்பதால் அன்றைக்குச் சாப்பாடும் உண்டு. மதியம் 1:59க்கு, அதாவது 3.14ஐத் தொடர்ந்து வரும் 159க்கு, ஆளுக்கு ஓர் இலக்கம் ஏந்தி ஊர்வலம் போவார்கள்.

அன்று காலை கிளம்பும் முன் சமையலறையில் பத்து நிமிடம் செலவழியுங்கள். தோசைக்கல், சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் மூன்றையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றின் விளிம்பையும் ஒரு நூலால் சுற்றி அந்த அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். பிறகு அதே நூலைக் குறுக்கே, நடுவழியாக, எத்தனை தடவை நீட்ட முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தோசைக்கல்லுக்கு மூன்று தடவை, அப்புறம் கொஞ்சம் மிச்சம். தட்டுக்கும் மூன்று, கொஞ்சம் மிச்சம். டம்ளருக்கும் அதே. அந்த மிச்ச நூல் துண்டுகளைப் பிள்ளையின் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊர்வலத்துக்கு இலக்க அட்டை வேண்டுமென்றால் 1:59க்கு வெகு முன்னதாகவே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.